வான்கோழியும் இளவேனிலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



டிசம்பர் பிறந்துவிட்டால் எறணாகுளத்துப் பிராட்வேயில் கால் வைக்க இடமிராது. காகித நட்சத்திரங்கள் தொங்கும் கடைகளுக்கு நடுவே, மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி வந்த நம்மவரும் பை சுமந்து நடப்பதுண்டு. அண்டை அயலிலுள்ள கிறிஸ்தவ இல்லங்களில் அந்நாளில் தாராவு சமைப்பர். சில வீடுகளில் வான்கோழி. நம் குடும்பங்களிலும் சிலர் இப்பறவையை வாங்கத் தலைப்பட்டிருக்கின்றனர். எனவே அதன் வரலாற்றையும் பக்குவத்தையும் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர்.

வான்கோழி இந்நாட்டுப் பறவையன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டார் அதை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். போர்த்துக்கீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்தது. 1612இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் அரண்மனைக்கு ஒரு வான்கோழி வந்து சேர, மன்னர் வியந்து, மன்சூர் என்னும் ஓவியரைக் கொண்டு அதை வரைவித்தார். அவ்வோவியம் இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பெயர்க் குழப்பமோ நகைப்புக்குரியது. ஆங்கிலேயர் அதைத் துருக்கிப் பறவை என்றனர். துருக்கியரோ ‘ஹிந்தி’, அதாவது இந்தியப் பறவை என்கின்றனர். 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரர் நம் கோழிக்கோட்டின் பெயரால் ‘கல்கூன்’ என்றழைத்தனர். சிங்களத்தில் வழங்கும் ‘களுகுமா’ என்ற சொல்லும் அதன் வழி வந்ததே. கோழிக்கோடு அறியாத பறவை கோழிக்கோட்டின் பெயரைச் சுமந்து உலகைச் சுற்றியிருக்கிறது!

மயிலைக் கண்டு தானும் சிறகு விரித்ததாக மூதுரை இகழும் வான்கோழியை நாம் அனைவரும் பள்ளியில் படித்தோம். அது இப்பறவைதான் என்றால், பாட்டு 1492க்குப் பின்னர் எழுந்ததாகல் வேண்டும்; பாட்டு அதனினும் பழையதென்றால், அச்சொல் அன்று வேறொரு பறவையைக் குறித்திருத்தல் வேண்டும். புலவர்கள் முடிவு செய்யட்டும். ஒன்று மட்டும் திண்ணம்: வான்கோழியின் ஆட்டம் எவரையும் பார்த்துக் கற்றதன்று. மயிலைப் போலவே அதற்கும் அது இணை தேடும் ஆட்டம்; அவ்விரண்டும் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவ்வாட்டத்தை நன்கறிந்தவர் அமெரிக்க வேட்டைக்காரரே. அங்கே இளவேனிலில், விடியுமுன் மரக்கிளையில் இருந்தபடியே சேவல் உரக்கக் கூவும். வேட்டைக்காரர் தழைநிற உடை பூண்டு, பருத்த மரத்தில் முதுகு சாய்த்து அமர்வர். சிறு மரப்பெட்டியின் மூடியைத் தேய்த்தோ, கற்பலகையில் குச்சியை உரசியோ பெட்டையின் குரலை எழுப்புவர். இயற்கையில் பெட்டைதான் சேவலை நாடிச் செல்லும். இங்கோ சேவலை வரவழைக்க வேண்டும். எனவே சேவல் பாதி வழியில் நின்று, தோகை விரித்துக் காத்திருக்கும். மணிக்கணக்கில் அசையாமல் இருத்தல் வேண்டும். அதன் கண் அத்துணைக் கூரியது. சிவப்பு, வெள்ளை, நீல உடைகளை எவரும் அணியார். சேவலின் தலை அந்நிறங்களையே காட்டுமாதலால் ஒருவரை ஒருவர் சுட்டுவிடக்கூடும். ஏறத்தாழ 40 கஜத்துக்குள் வந்தபின் தலையையும் கழுத்தையும் மட்டுமே குறி வைப்பர். இறைச்சியில் ஈயக் குண்டு ஏறாது.

இளவேனிலில் சேவலையே சுடலாம் என்பது அங்குள்ள பொது விதி. பெட்டை தரையில் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கும். அதைத் தொட்டால் குலமே அழியும். இவ்விதி எளிதில் வந்ததன்று. காடுகளை வெட்டியும் கணக்கின்றிச் சுட்டும் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1851இல் இப்பறவையைப் பூண்டோடு ஒழித்துவிட்டனர். 1937இல் துப்பாக்கி, தோட்டாக்களின் மீதான வரியைக் காட்டுயிர் காப்புக்கே செலவிட அந்நாட்டில் சட்டம் செய்தனர். 1972, 1973ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொணர்ந்து மாசச்சூசெட்ஸ் காட்டில் விட்டனர். இன்று அவற்றின் வழிவந்தவை பாஸ்டன் நகரத்தையொட்டிய தெருக்களில் வண்டிகளை மறிக்கின்றன.

நம் மலைகளில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கது சாம்பல் நிறக் காட்டுக்கோழி. 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராய்ந்தார். அவர் பரிந்துரைத்த தட்டேக்காடு 1983இல் சரணாலயமாயிற்று. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் காட்டுக்கோழி வேட்டை இங்கே குற்றமாகும். மலைப்பக்கத்திலிருந்து மறைவாகக் கொண்டுவந்து ‘அசல் காட்டுக்கோழி’ என்று எவரேனும் நீட்டினால், விலை மலிவாயினும் திருப்பி அனுப்பிவிடுங்கள். விற்பவரோடு வாங்குபவரும் சட்டத்தில் சிக்குவர் என்பது ஒருபுறமிருக்க, அவ்விறைச்சி நம் அடுப்பில் ஏறுவது நமக்கு அழகன்று. பண்ணை வான்கோழிக்குத் தடையில்லை. கொல்லம் குரீப்புழையில் அரசுப் பண்ணையே உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ‘நந்தனம் வான்கோழி’ என்னும் இனத்தை உருவாக்கியுள்ளது.

இனித் தாய்மார்களுக்கு. முழுப்பறவையாக வாங்கினால், இறகு பறிக்கக் கொதிநீர் ஆகாது; தோல் வெந்து கிழிந்துவிடும். 60 முதல் 65 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிடத்துக்குள் முக்கியெடுத்தால் இறகு இலகுவில் கழலும். பின்னர் நம் ஊர் வழக்கப்படி மஞ்சள் தடவித் தீயில் வாட்டினால் பூமயிர் பொசுங்கிவிடும். அமெரிக்கரும் தீயில் வாட்டுவர், மஞ்சளின் அருமைதான் அவர்க்குத் தெரியாது. கழுத்தடியிலுள்ள தீனிப்பையை முதலில் நீக்குக. ஈரலை எடுக்கையில் பித்தப்பை உடையாதிருத்தல் வேண்டும். உடைந்தால் கசப்பு கழுவினாலும் போகாது. குடல் நீக்கிய பறவையை உடனே குளிரில் வைக்க வேண்டும். கொச்சியின் வெப்பத்தில் இதில் சோம்பல் கூடவே கூடாது.

முழுதாகச் சுட்டெடுப்பது மேனாட்டார் முறை. நமக்கு அது ஒத்துவராது என்பது எம் கருத்து. தொடை வேகுமுன் நெஞ்சு சக்கையாகிவிடும். வான்கோழி நாள் முழுதும் நடப்பது, அரிதாகவே பறப்பது. ஆதலால் கால் கறுத்து உறுதியாகவும், நெஞ்சு வெளுத்துக் கொழுப்பின்றியும் இருக்கும். இரண்டையும் பிரித்தே சமைத்தல் நலம். காலிலுள்ள எலும்பு போன்ற நரம்புகளை உருவிவிட்டு, சின்ன வெங்காயம், மிளகு, இரண்டாம் தேங்காய்ப்பால் சேர்த்துச் சிறுதீயில் இரண்டு மணி நேரம் வேகவிட்டு, இறக்குமுன் முதற்பாலை ஊற்றலாம். நெஞ்சை இரவு உப்புநீரில் ஊறவைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, மறுநாள் மெல்லிய துண்டுகளாக்கி விரைவில் வதக்கியெடுக்கலாம். உட்பகுதி 74 டிகிரி எட்டினால் போதும். ஒரு பறவை ஒரு குடும்பத்துக்கு மிகுதி. மூன்று வீட்டார் கூடி வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். எலும்பு எந்த வீட்டுக்கு வருகிறதோ, அவ்வீட்டில் மறுநாள் மிளகுச் சாறு.