ஊர்ப் பள்ளிக்கு நாம் தர வேண்டியது என்ன?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

  

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் தொழில் செய்து வாழும் நம்மில் பலருக்குச் சொந்த ஊர் வேறு. இராமநாதபுரம், நாகப்பட்டினம், திருநெல்வேலி மாவட்டங்களின் சிற்றூர்களில் நம் உறவினரின் பிள்ளைகள் இன்றும் அரசுப் பள்ளிகளில்தான் பயில்கின்றனர். அப்பள்ளிகளுக்குக் கையடக்கக் கணினிகள் வாங்கி வழங்கலாம் என்ற யோசனை நம் குழுவின் முன் வந்துள்ளது. நல்ல எண்ணத்தில் பிறந்த யோசனைதான். ஆயினும் பணத்தைச் செலவிடுமுன், புதிய கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்தில் ஊர்ப் பள்ளிக்கு உண்மையில் எது குறைவாக இருக்கிறது என்று ஆராய்வது நம் கடமையாகும்.

கருவிகளை அரசு பல ஆண்டுகளாகவே வழங்கி வந்திருக்கிறது. மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011ஆம் ஆண்டில் தொடங்கியது. 2018ஆம் ஆண்டின் புதிய பாடநூல்களில், கைப்பேசியைக் காட்டினால் காணொலி விரியும் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சாயின. 2019ஆம் ஆண்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது.

இவை அனைத்தையும் சோதித்துப் பார்க்கும் காலம் கொரோனாவோடு வந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறக்கப்பட்டன. தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. கைப்பேசியிலும் பாடம் வந்தது. ஆனால் ஒரே கைப்பேசி உள்ள வீட்டில், அது தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும். மாலையில் திரும்பினால் அண்ணனுக்கு முதல் உரிமை, தங்கைக்கு மிச்சம். கருவி இருந்தும் அருகில் அமர்ந்து கேட்பாரும் திருத்துவாரும் இல்லாத பிள்ளை, கற்றதையும் மறந்தது.

அதை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அந்தந்த ஊரிலேயே படித்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தெருத் திண்ணைகளிலும் பொது இடங்களிலும் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தனர். பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமெரோ ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினர். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இம்மாலை வகுப்புகளால் வந்தது என்றும் அவர்கள் கண்டனர். ஒரு பாயும், ஒரு பலகையும், பிள்ளையின் பெயரறிந்த ஒரு சகோதரியும் செய்த வேலை அது!

வகுப்பறையை மாற்றுவதற்கு இயந்திரம்தான் வேண்டும் என்பதுமில்லை. நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003ஆம் ஆண்டு செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவிய அதில், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் படிப்படியாக முன்னேறினர். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கி அவர்களோடு தரையில் அமர்ந்தார். சில ஆண்டுகளில் அம்முறை மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. அட்டையைக் கொண்டே இவ்வளவு செய்ய முடிந்தது.

இன்று செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கேட்ட நொடியில் கட்டுரை எழுதித் தருகிறது. கணக்கும் போட்டுத் தருகிறது. சில வேளைகளில் பொய்யையும் மெய்போல் சொல்கிறது. சரளமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது வேலையாள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு அது எசமான். ஆகவே கருவி வளர வளர, எழுத்தறிவின் தேவை குறையவில்லை, கூடுகிறது. தகவலைச் சொல்லித் தருவது மட்டுமே பள்ளியின் பணி என்ற காலம் போய்விட்டது. வாசிக்கவும், வினவவும், மெய்யா பொய்யா எனச் சரிபார்க்கவும் பழக்குவதே இனி அதன் தலையாய பணி.

இது நமக்குப் புதிய செய்தியன்று. நம் வேதத்தின் முதல் வசனங்கள் ஓதுதலையும் எழுதுகோலையும் குறித்தே இறங்கின. பத்ருப் போரில் சிறைப்பட்டோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்குக் கற்பித்தால் அதுவே விடுதலைக்கான ஈடு என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எழுதுகோலோடு அதைப் பிடிக்கக் கற்பிக்கும் ஆளையும் அவர்கள் தேடினார்கள்.

எனவே கல்விக் குழு பின்வருவனவற்றை முன்மொழிகிறது.

முதலாவது, விருப்பமுள்ள ஊர்களில் மாலை வாசிப்பு வகுப்பு. மக்தபில் ஓதும் நேரத்தோடு மோதாமல் நடைபெற வேண்டும். அவ்வூரில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களே ஆசிரியைகள். எச்சமயத்துப் பிள்ளையும் வரலாம். அவர்களுக்கான ஊக்கத்தொகை ஸதகா நிதியிலிருந்து வழங்கப்படும். ஜகாத் நிதி அதற்குரியவர்களுக்கே என்பதால் அதைத் தொட வேண்டாம்.

இரண்டாவது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஊரிலுள்ள நம் சகோதரிகளை அதில் பங்கேற்கச் சொல்லுவோம். ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதையும் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததையும் அங்குதான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, கணினி வேண்டாம் என்பதில்லை. வகுப்பு ஆறு மாதம் தடையின்றி நடந்த ஊருக்கு, ஆசிரியையின் கையில் ஒன்று கொடுப்போம். தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கணினித் துறையில் பணியாற்றும் நம் இளைஞர்கள், வாரம் ஒரு மணி நேரம் காணொலி வழியே அவருக்குத் துணை நிற்கட்டும். பழுதானால் பார்த்துத் தருவதும் அவர்கள் பொறுப்பே.

பெட்டி பெட்டியாகக் கருவிகளை இறக்கிப் படம் எடுத்துக்கொள்வது எளிது. ஆண்டு முழுதும் ஒரு திண்ணையில் விளக்கு எரியச் செய்வது கடினம். கடினமானதையே நாம் தேர்ந்துகொள்வோம். இம்முயற்சியை வல்ல அல்லாஹ் ஏற்று, நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.