தேயிலைக்கு நிழல் எதற்கு?

அட்டன் மலைச்சரிவுகளில் தேயிலைக்கு நடுவே சவுக்கு மரங்கள் நிற்பது அழகுக்காக அன்று, விறகுக்காகவும் அன்று.

கடும் வெயிலில் பச்சையம் தன்னால் பயன்படுத்த இயலாத ஒளியையும் பற்றிக்கொள்கிறது. அம்மிகுதியை இலையிலுள்ள மஞ்சள் நிறப்பொருள்கள் வெப்பமாக்கி வெளியேற்றுகின்றன. மண் வறண்டாலோ, நீரைக் காக்க இலைவாய்கள் மூடிக்கொள்ளும்; காபனீரொட்சைட்டு உட்புகாது; ஒளி மேலும் மிஞ்சும். அப்போது வீறுகொண்ட ஒட்சிசன் தோன்றி இலையின் உயிரணுக்களைச் சிதைக்கிறது.

1992ஆம் ஆண்டு வறட்சியில் இலங்கையின் தேயிலை உற்பத்தி ஏறக்குறையக் கால்பங்கு வீழ்ந்தது. கொழுந்து குறைந்தால் பறிக்கும் பெண்களுக்கு அரைப்பேரே மிஞ்சும்.

ஆயினும் மழைக்காலத்தில் அடர்ந்த நிழல் கொப்புள நோய்க்கு உறவாகிவிடுகிறது. 1946இல் இலங்கையில் தோன்றிய அப்பூஞ்சணத்தின் வித்துகளை வெயிலே அழிக்கவல்லது. ஆகவே, மாரிக்கு முன் மரக்கிளைகளைக் கழித்து, வறட்சிக்கு முன் மீண்டும் தழைக்க விடுகின்றனர்.