கதிரவன் ஒளியும் அளவறிந்த இல்லறமும்
(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பது தமிழ்ச் சமண இல்லங்களின் நெடுநாள் ஒழுக்கம். இருளில் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் மடியலாகாது என்பதே அதன் கருத்து. அத்தகைய இல்லங்களிலும் இன்று இரவு முழுதும் விசிறியும் குளிர்சாதனமும் இயங்குகின்றன. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. நெய்வேலியில் அதன்பொருட்டு நிலமே அகழப்படுகிறது. மண்ணிலும் நீரிலும் தீயிலும் காற்றிலும் ஓரறிவுயிர்கள் உண்டு என்பது ஜினதருமம். அவ்வுயிர்களுக்கு நேரும் துன்பத்தை இல்லறத்தார் முற்றும் நீக்க இயலாது, குறைக்க இயலும்.

மொட்டை மாடியில் சூரிய மின்தகடு அமைப்பது அதற்கு ஒரு வழி. அதன் செலவையும் வரவையும் ஆராய்ந்த பின்னரே அதில் இறங்குதல் வேண்டும்.

ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் அதன் இலக்கு. 1 கிலோவாட் அமைப்பிற்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டிற்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டிற்கு 78,000 ரூபாயும் மானியம் உண்டு. அதற்கு மேல் எத்துணைப் பெரிதாக அமைப்பினும் மானியம் 78,000 ரூபாயே. 3 கிலோவாட்டிற்கு அரசு கணக்கிட்ட அடிப்படை விலை 1,45,000 ரூபாய். தகட்டின் தரம், தாங்கும் சட்டத்தின் உயரம் ஆகியவற்றிற்கேற்பச் சந்தை விலை கூடும். பதிவு பெற்ற நிறுவனமே அமைத்தல் வேண்டும். தகடுகள் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருத்தல் வேண்டும். முதலில் முழு விலையையும் வீட்டார் செலுத்த, ஆய்வு முடிந்து நெட் மீட்டர் பொருத்தப்பட்ட பின்னரே மானியம் வங்கிக் கணக்கில் சேரும். ஈடின்றிக் குறைந்த வட்டியில் வங்கிக் கடனும் கிடைக்கிறது.

1 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். ஆகவே 3 கிலோவாட் அமைப்பு இரு மாதங்களில் 700 யூனிட் அளவில் தரும். மழைக்காலத்தில் இது குறையும்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். 500 யூனிட்டைக் கடந்தால், கடந்த ஒவ்வொரு யூனிட்டிற்கும் கட்டணம் 8 ரூபாய்க்கு மேல். 800 யூனிட் செலவிடும் கூட்டுக் குடும்பம் 4,500 ரூபாய்க்கு மேல் செலுத்துகிறது. அக்குடும்பம் 3 கிலோவாட் அமைப்பின் வாயிலாக ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 ரூபாய் மிச்சப்படுத்தலாம். சில ஆண்டுகளில் போட்ட முதல் திரும்பும். தகடுகளோ 25 ஆண்டுகள் வரை உழைக்கும். 200 யூனிட்டுக்குள் வாழும் முதியோர் இருவரின் கட்டணம் மிகக் குறைவே. மானியம் கிடைக்கிறது என்பதற்காக அவர்கள் கடன்படுதல் வேண்டா. ஆண்டில் பத்து நாள் மட்டும் திறக்கப்படும் ஊர்வீட்டிற்கும் இது பொருந்தும்.

சென்னை போன்ற நகரங்களில் அடுக்குமாடிகளில் வாழ்வோர்க்கும் வாய்ப்புண்டு. பொதுவிளக்கு, நீரேற்றி ஆகியவற்றின் பொருட்டுக் குடியிருப்போர் நலச்சங்கம் அமைத்தால் கிலோவாட்டிற்கு 18,000 ரூபாய் மானியம் பெறலாம்.

மின்கலம் இல்லாத அமைப்பு மின்தடையின்போது இயங்காது. மின்கம்பியில் பணிபுரிவோரின் உயிர்காக்கும் ஏற்பாடு அது. இதனை முன்பே அறிந்தால் பின்னர் ஏமாற்றம் இராது. தகட்டில் தூசு படிந்தால் மின்சாரம் குறையும். வடிகட்டிய நீரால் காலையில் கழுவுதல் நன்று.

பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்வது இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஒன்று. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவது குணவிரதங்களுள் ஒன்று. ஆளில்லா அறையில் சுழலும் விசிறியை நிறுத்துவதே முதற்பணி; அதற்கு மானியமும் வேண்டா. அதன்பின் ஓராண்டின் ஆறு மின்கட்டணப் பதிவுகளை எடுத்து வைத்து, எஞ்சிய தேவைக்கேற்ற அளவில் தகடு அமைப்பதே முறை. தகட்டின் அளவை மானியத் தொகையைக் கொண்டு முடிவு செய்யலாகாது. வீட்டின் தேவையே அதனை முடிவு செய்தல் வேண்டும். பகலில் உண்டு உயிர்காத்த மரபினர், பகலொளியால் வீட்டை இயக்கியும் உயிர்காப்பாராக.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!