மாத்திரையும் தோல் தடிப்பும்

ஓசூரிலிருந்து அத்திபெலே ஆலைகளுக்கு ஷிப்டுக்குப் போகும் பெண்கள் சிலர், மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் அமில மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்திருப்பார்கள். மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து அது. கடையில் வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்குவதே பழக்கமாகிவிட்டது.

2023 நவம்பர் 30 அன்று காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இந்த மருந்தைப் பற்றி எச்சரித்தது. அரிதாகச் சிலருக்கு 'டிரெஸ்' என்னும் கடும் ஒவ்வாமை வரலாம். காய்ச்சல், தோலில் தடிப்பு, முகவீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல்; கல்லீரல்கூடப் பாதிக்கப்படலாம். பெரும்பாலும் இரண்டு முதல் எட்டு வாரம் கழித்தே தலைகாட்டும் என்பதுதான் ஆபத்து. அதற்குள் மாத்திரையை மறந்துவிட்டு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றிருப்போம்.

இப்படி வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். கடையில் நறுக்கித் தரும்போது பெயரும் பேட்ச் எண்ணும் போய்விடுகின்றன. அதனால் பில் கேட்டு வாங்குங்கள். வழக்கமாகச் சாப்பிட்டு வரும் வலிப்பு, ரத்த அழுத்த மருந்துகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உதடு வீங்கி மூச்சுத் திணறினால் 108.

பக்கவிளைவை நோயாளியே அரசுக்குத் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. குறித்துக்கொள்ளுங்கள்.