பூவின் புறவாசற் கள்வர்

பூக்களும் தேனீக்களும் ஒன்றுக்கொன்று செய்துகொள்ளும் உதவி யாவரும் அறிந்ததே. பூ தேனைத் தருகிறது. தேனீ ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூலகநுனியிற் கொண்டு சேர்க்கிறது. பெற்றதற்குக் கைம்மாறு உண்டு. ஆயினும், எல்லாத் தேனீக்களும் எல்லா வேளையிலும் இவ்வொழுங்குக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. சில தேனீக்கள் பூவின் வாயிலை நாடாமல், அதன் அடிப்புறத்தைக் கடித்துத் துளைத்து, அத்துளை வழியே தேனை உறிஞ்சிக்கொண்டு பறந்துவிடுகின்றன. பெரும்பாலும் மகரந்தம் அவற்றின் உடலில் ஒட்டுவதில்லை, சூலகநுனியும் தீண்டப்படுவதில்லை. உயிரியலார் இச்செயலைத் தேன் கொள்ளை என்பர்.

இக்கொள்ளைக்குக் காரணம் பூவின் அமைப்பிலேயே உள்ளது. குழாய் வடிவான பூக்களில் தேன் அடியிலே சுரக்கிறது. நீண்ட நாக்குடைய தேனீக்கே அது எட்டும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பம்பிள் ஈ என்று ஒரு வகைத் தேனீ உண்டு. அது பருத்த உடலும் அடர்ந்த மயிரும் கொண்டது. பல இனங்களாகப் பிரிந்தது. அவற்றுள் நாக்குக் குறுகிய இனங்கள் சில, எட்டாத தேனைப் பல்லின் வலியாற் பெறக் கற்றுக்கொண்டன. அவை இட்ட துளை பிறருக்கும் பயன்படுகிறது. பூவிதழைத் துளைக்க வலிமையற்ற வீட்டுத் தேனீயும் அவ்வழியே வந்து எஞ்சிய தேனைக் குடித்துச் செல்கிறது. ஒருவன் கன்னமிட்ட சுவரால் மற்றொருவன் நுழைவது போன்றது இது.

இவ்வழக்கம் இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. 1793 ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியரான ஸ்பிரெங்கல், பூக்களைப் பற்றிய தமது நூலில் இதனைக் குறித்துள்ளார். 1841 இல் சாள்ஸ் டார்வின் தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றுக்கு இதுபற்றிக் கடிதம் வரைந்தார். பம்பிள் ஈக்கள் துளைத்த வழியை வீட்டுத் தேனீக்களும் பயன்படுத்துவதைக் கண்ட அவர், ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்றுக்கொள்கிறதோ என ஐயுற்றார். அவ்வையத்துக்கு வலுவூட்டும் சான்றொன்று 2013 இல் வெளிவந்தது. ஆல்ப்ஸ் மலைப் புல்வெளிகளில் மஞ்சட் பூச்செடி ஒன்றை ஆராய்ந்தவர்கள், சில வெளிகளில் ஈக்கள் பெரும்பாலும் பூவின் வலப்புறத்தையும், வேறு சில வெளிகளில் இடப்புறத்தையும் துளைப்பதைக் கண்டனர். ஒவ்வொரு வெளியிலும் ஈக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று பழக்கத்தைப் பெறுகின்றன என்பது அவர்கள் கொண்ட முடிபு.

இனி, இக்கொள்ளையாற் செடிக்கு நேர்வது யாது? தேனை இவ்வாறு களவாடும்போது செடி ஓரளவேனும் துன்புறவே வேண்டும் என்று டார்வின் 1876 இல் வெளியிட்ட நூலிற் கருதினார். அவர் கருத்து மெய்யாகும் இடமும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியிலே செந்நிறக் குழாய்ப்பூ பூக்கும் செடி ஒன்றுண்டு. ஸ்கார்லெட் கிலியா என்பது அதன் பெயர். அது தன் மகரந்தத்தாலே தான் கருவுறாது. பிற செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். அதனைக் கொண்டுவருவது ஓசனிச் சிட்டு என்னும் சிறு பறவை. சில ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதையிட்டு மடிவது அச்செடியின் இயல்பு. அதற்கு மறுவாய்ப்பு இல்லை.

அங்கு ஆராய்ந்த ஏர்வின், புரோடி என்னும் இருவர் தம் முடிபுகளை 1999 இல் வெளியிட்டனர். நூற்றுக்கு 80 பூக்களுக்கு மேல் ஈக்களாலே துளைக்கப்பட்ட செடிகளில், விதைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஈக்களின் பல் சூலகத்தைச் சிதைத்ததனால் அன்று. தேனற்ற செடிகளைப் பறவைகள் புறக்கணித்தமையே காரணம். தேனை இழந்த பூ, தன் விருந்தினரையும் இழந்தது.

ஸ்பெயின் நாட்டிலோ இதற்கு நேர்மாறான செய்தி கிடைத்தது. பயற்றங் குடும்பத்தைச் சேர்ந்த அந்தில்லிஸ் என்னும் செடியின் பூக்களையும் பம்பிள் ஈக்கள் துளைக்கின்றன. ஆனால், துளையிடும் பொருட்டு அவை பூவின் மேல் ஏறிப் புரளும்போது, அவற்றின் உடல் மகரந்தத்தையும் சூலகநுனியையும் தீண்டுகிறது. அதனால் துளையுண்ட பூக்களே மிகுதியாகக் காய்த்தன என்பதை 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. களவாட வந்தவன் தன்னை அறியாமலே ஏவல் செய்து போகிறான்.

வேறொரு வழியாலும் நன்மை விளையக்கூடும். தேன் குறைந்த செடியில் ஒழுங்காக வரும் தேனீ நெடுநேரம் தங்காது. சில பூக்களோடு விட்டுத் தொலைவிலுள்ள செடியை நாடும். அவ்வாறாயின் மகரந்தம் தொலைவாகப் பரவி, வேறு வேறு செடிகளின் குணங்கள் கலக்க வழியுண்டு. தன் மகரந்தத்தாலே தானே காய்க்கவல்ல செடிக்கோ, கொள்ளையால் விதையிழப்பு மிகுதியாக நேராமலும் போகலாம்.

ஆகவே, துளையைக் கண்டதும் தீர்ப்புக் கூறிவிடலாகாது. பூவுக்கு உண்மையில் உதவுவது யார், கொள்ளை எத்துணை மிகுதி, துளைக்கும் ஈ மகரந்தத்தைத் தீண்டுகிறதா, செடி தனித்துக் காய்க்க வல்லதா என்னும் நான்கையும் அறிந்த பின்னரே நட்டத்தைக் கணக்கிட இயலும். துளையை எண்ணுவதாற் பயனில்லை. விதையையே எண்ண வேண்டும்.

வேளாண்மை செய்வோர்க்கு இது சிறு செய்தியன்று. இலங்கையில் பம்பிள் ஈ இயற்கையாக இல்லை. வெப்பநாடுகளில் நீண்ட குழாய்ப்பூக்களைத் துளைக்கும் தொழிலை மரத்திற் குடையும் கருவண்டு செய்கிறது. அதுவும் தேனீக்களின் உறவே. அக்கருவண்டே கொடித்தோடைப் பூவுக்கு மகரந்தம் கொணரும் சிறந்த துணையுமாகும். அப்பூவின் அகன்ற அமைப்புக்கு அதன் பருத்த உடலே பொருந்துகிறது. ஒரு பூவிற் கள்வனாகிய ஒன்று மற்றொரு பூவில் ஊழியனாகிறது. பூந்தோட்டத்திற் சில துளைகளைக் கண்டு சினந்து, நஞ்சு தெளித்து அதனை அழிப்பவர், கொடித்தோடைப் பந்தலில் விளைவையும் சேர்த்தே அழிப்பவராவர்.

கொலராடோவில் கிலியாவைக் கொள்ளையிட்ட அந்தப் பம்பிள் ஈ இனம், 1990களின் பிற்பகுதி தொடங்கி அமெரிக்காவின் மேற்குப் பகுதிகள் பலவற்றில் அருகிவிட்டது. அதன் குறைவினால் ஒரு செடிக்கு நன்மை வரலாம். ஆனால் அதே ஈ வாயில் வழியே நுழைந்து கருவுறச் செய்துவந்த வேறு பூக்கள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கு அவ்வீ கள்வன் அன்று.