இரைப்பைச் சோதனைக்கு அஞ்சற்க!



நாம் மருத்துவர் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் கோப்பெழுதிப் பிழைப்போர். ஆயினும் 'எண்டோஸ்கோப்பி' என்னும் இரைப்பைச் சோதனை குறித்து நாம் பட்டறிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மூணாறு தேயிலைத் தோட்டத்திலிருந்து நம் மைத்துனர் இச்சோதனைக்காகப் பாலக்காடு வந்தார். விடியுமுன் பஸ் ஏறியவர், உடுமலைப்பேட்டையில் ஒரு தேநீர் அருந்திவிட்டார். அன்று சோதனை நடவாது என்றனர். முன்னமே அஞ்சியிருந்தவர், 'தப்பினோம்' என்று மலையேறிவிட்டார். மூன்று திங்கள் கழித்து இரத்த வாந்தியோடு கொண்டுவந்தனர். முன்கூட்டியே சொல்லாத பிழை நம்முடையதே.

ஆதலின் கேளுங்கள். சோதனைக்கு முன் ஆறு முதல் எட்டு மணி நேரம் உணவு கூடாது. பால் கலந்த தேநீரும் உணவே. தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடமே கேட்டறிக. நீரிழிவு மருந்து, இரத்தம் உறையாதிருக்கும் மருந்து உண்போர் முன்னரே தெரிவிக்க வேண்டும், தாமாக நிறுத்தலாகாது. கட்டுப்பல்லைக் கழற்றிவிடுக.

தொண்டை மரக்க மருந்து தெளிப்பர். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குழாய் செல்வது உணவுக்குழலில்; மூச்சு தடைப்படாது. குமட்டலும் ஏப்பமும் வரும். மெல்ல மூச்சுவிட்டால் அடங்கும். பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குள் முடிந்துவிடும். சிறிது தசை கிள்ளி எடுத்தாலும் வலி தெரியாது. மரப்பு நீங்கும்வரை எதுவும் உண்ணலாகாது. மயக்க ஊசி போட்டிருந்தால் துணையோடு வீடு திரும்புக. அன்று வண்டி ஓட்டற்க. பின்னர்க் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், இரத்த வாந்தி, கருமலம் காணின் உடனே மருத்துவமனைக்கு விரைக.

1868-இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரிடமே விறைப்பான குழாயைச் செலுத்திப் பார்த்தார். இன்றோ அது வளைந்து செல்லும் மெல்லிய குழாய். காரமும் கவலையுமே குடற்புண்ணுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். ஆஸ்திரேலியாவின் வாரன், மார்ஷல் இருவரும் 1982-இல் ஒரு கிருமியைப் பிரித்தறிந்தனர்; 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கிருமியால் வந்த புண் மருந்தினால் ஆறும்.

நம் மைத்துனருக்கும் அவ்வாறே ஆறியது. தேவிகுளம், பீர்மேடு மலைகளில் உறவுடையீர், இன்றே அவர்களுக்கு இச்செய்தியைத் தெரிவியுங்கள். பத்து நிமிடத் துன்பத்திற்கு அஞ்சிப் பல்லாண்டு வாழ்வை இழத்தல் தகுமோ?

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!