வெறும் வானமும் வேண்டும்

அந்தமானில், 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில் இருந்து இரவு வானை நோக்குகின்றோம். தமிழகத்தில் கண்ட விண்மீன்களே இங்கும் தலைக்கு மேல் வருகின்றன. சவ்வாது மலைக் காவலூரின் வானாய்வுக் கூடமும் இந்நகரும் அகலக்கோட்டில் ஏறத்தாழ ஒரு பாகையே வேறுபடுகின்றன. காவலூரில் உதிக்குமுன், சுமார் 55 நிமிடம் முந்தி, அவை இங்கு உதித்துவிடுகின்றன, அவ்வளவே.

இத்துணை மீன்கள் நிறைந்த வானில், ஒன்றும் இல்லாத இடத்தைத் தேடி அலைவோரும் உளர் என்றால் நகைப்பீர்கள். அவர்கள் அறிவியலாரே.

2015 செப்டம்பர் 28 அன்று நம் நாடு ஆஸ்ட்ரோசாட் என்னும் வானாய்வுத் துணைக்கோளை ஏவியது. 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியை, காவலூர்க் கூடத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் பிறருடன் சேர்ந்து உருவாக்கியது. ஒரே பார்வையில் அது காண்பது ஏறத்தாழ முழுநிலவின் அளவுள்ள வட்டம். அதன் உணர்கருவி ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்கு நுண்மையானது. பேரொளி மீன் ஒன்று அவ்வட்டத்துள் புகுந்துவிட்டாலோ, கருவிக்கே ஊறு நேரலாம். மேலே சென்று பழுது பார்ப்பார் யார்?

ஆகவே, ஆய்வு நேரம் கேட்டு விண்ணப்பிப்போர் முதலில் ஒரு கணிப்பொறி நிரலை நாட வேண்டும். காண விரும்பும் திசையை அதனிடம் கொடுத்தால், முன்னரே தொகுத்த விண்மீன் பட்டியல்களோடு ஒப்பிட்டு, அருகில் தீங்கு செய்யும் மீன் உண்டா என்று எச்சரிக்கும். உண்டெனில் ஒளியைக் குறைக்கும் வடிகட்டியை நாடுவர். அல்லது பார்வையைச் சற்றே விலக்குவர். கதிரவனிடமிருந்து போதிய அளவு விலகி நோக்க வேண்டும் என்பதையும் திட்டமிடுவோர் கணக்கிட வேண்டும்.

அதே துணைக்கோளில் எக்ஸ் கதிர்களை எண்ணும் பெருங்கருவி ஒன்றும் உண்டு. அது படம் எடுப்பதில்லை. எண்ணிக்கை மட்டுமே தரும். விண்மீனின் கதிரோடு, விண்வெளியில் திரியும் வேறு துகள்களும் அவ்வெண்ணிக்கையில் கலந்துவிடும். இரண்டையும் பிரிப்பது எங்ஙனம்?

நம் கடைவீதியே விடை கூறும். எண்ணெய் நிறுக்குமுன் வணிகர் வெறும் பாத்திரத்துக்குத் தடை கட்டுவார் அன்றோ? அதுபோலவே, ஒளிமிக்க எக்ஸ் கதிர் மூலம் ஏதும் இல்லாத வெறும் வானத்தைத் தேர்ந்து, கருவியை அங்கே திருப்பி எண்ணுவர். அத்தொகையைக் கழித்த பின் எஞ்சுவதே விண்மீனுக்கு உரியது. அவ்விடத்தில் மங்கலான மூலம் ஒன்று மறைந்திருப்பின், தடை கூடிப்போகும். விண்மீனின் கணக்குக் குறைந்துபோகும். நாழிகை நாழிகையாக வெறும் வானைப் பார்ப்பது வீண்செலவு எனத் தோன்றலாம். அச்செலவு இன்றேல் மற்றைய இரவுகளின் உழைப்பை நம்புவதற்கு இடமில்லை.

இன்றிரவு எவ்வூரில் இருப்பினும் வானைப் பாருங்கள். இரு மீன்களுக்கு இடைப்பட்ட இருளிலும் சிறிது நேரம் கண் வையுங்கள். வானியலார்க்கு அதுவும் ஓர் அளவுகோல்.